புற்றரையின் வேர் தின்னும் புழுக்கள்



இலையுதிர்காலம் பிறந்ததும் இலண்டன் வீடுகளின் பின்வளவுகளில் ஒரே முறைப்பாடு எழுகின்றது: இரவில் நரி வந்து புல்லைக் கிண்டிப் போட்டுவிட்டது என்பதே அது. நரி கிண்டியது உண்மைதான். ஆயினும் அது இரைதேடி வந்தது. புல்லின் வேரைத் தின்று கொழுத்த புழுக்கள் மண்ணுக்குள் இருப்பதை வீட்டுக்காரருக்கு முன்னரே அது அறிந்துகொண்டது. காகமும் மாக்பை பறவையும் விடியற்காலையில் அதே வேலையைச் செய்கின்றன. நரியைத் துரத்தப் பணம் செலவிடுவோர், புழுவை அப்படியே விட்டுவிடுகின்றனர்.

இந்நகரின் புற்றரைகளைக் கெடுப்பவை பெரும்பாலும் இருவகைப் புழுக்கள். ஒன்று சேஃபர் வண்டின் குடம்பி. வெண்ணிற உடல், கபில நிறத் தலை, மூன்று சோடிக் கால்கள். கையில் எடுத்தால் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். ஊரில் எருக்குவியலைக் கிளறும்போது புரளும் காண்டாமிருக வண்டின் புழுவைக் கண்டவர்களுக்கு அதன் சிறிய உருவம்போலத் தோன்றும். மற்றொன்று, செப்டெம்பர் மாத மாலைகளில் விளக்கைச் சுற்றி வரும் நெடுங்கால் ஈயின் குடம்பி. ஆங்கிலத்தில் லெதர்ஜக்கெட் எனப்படுவது. அதற்குக் காலுமில்லை, தெளிவான தலையுமில்லை. சாம்பல் கலந்த கபில நிறத்தில் தோல்போன்ற சிறு குழாயாக இருக்கும்.

இச்சிறு புழுவின் வலிமையை 1935ஆம் ஆண்டு லோர்ட்ஸ் மைதானம் அறிந்துகொண்டது. தேர்ந்த பராமரிப்பாளர்கள் காத்த அந்தத் தரையின் புல்லை லெதர்ஜக்கெட் புழுக்கள் தின்றமையால் ஆங்காங்கே வெறுந்தரை தெரிந்தது. அவ்வாண்டுக் கோடையில் அங்கு நடந்த டெஸ்ட் போட்டியில் பந்து நன்கு திரும்பியது. தென்னாபிரிக்காவின் சுழற்பந்து வீச்சாளர் சென் பலஸ்காஸ் ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். 157 ஓட்டங்களால் தென்னாபிரிக்கா வென்றது. இங்கிலாந்து மண்ணில் அந்நாடு பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. வெற்றியைப் புழுவின் கணக்கில் மட்டும் எழுதுவது நீதியன்று. அதே தரையில் புரூஸ் மிச்செல் ஆட்டமிழக்காது 164 ஓட்டங்கள் எடுத்தார். எனினும், சேதம் கண்ணுக்குத் தெரிந்தபின் அப்பருவத்துப் புல்லை மீட்பது எளிதன்று என்பதற்கு அம்மைதானமே சான்று.

காரணம் புழுவின் வாழ்க்கை வட்டத்தில் உள்ளது. சேஃபர் வண்டுகள் மே, யூன் மாதங்களில் பறந்து புல்லினுள் முட்டையிடும். கோடையில் பொரிக்கும் குஞ்சுப்புழு ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறியதாகவும் மேல்மண்ணிலும் இருக்கும். குளிர் வந்ததும் ஆழத்துக்குச் சென்றுவிடும். வசந்தத்தில் புல் பாய்போல் உரிந்து வருவதைக் கண்டு மருந்து தேடுபவர், முதிர்ந்து கூட்டுப்புழுவாகும் நிலையிலுள்ள புழுவோடு போராடுகின்றார். அப்போது செலவிடும் பணத்தின் பெரும்பகுதி வீண்.

சந்தேகமிருந்தால் ஓர் அடிச் சதுரப் புல்லை மூன்று பக்கம் வெட்டி மடித்துப் பார்த்தல் போதும். லெதர்ஜக்கெட் எனின், மாலையில் அவ்விடத்தை நன்கு நனைத்துக் கறுப்புப் பொலித்தீன் விரிப்பால் மூடிவிட்டுக் காலையில் நீக்கினால் புழுக்கள் மேலே கிடக்கும். அவற்றைப் பறவைகளுக்கே விட்டுவிடலாம். ஓரிரு புழுக்கள் மட்டும் இருந்தால் எதுவும் செய்யத் தேவையில்லை.

மிகுதியாயிருந்தால் நூற்புழுக்களே வழி. கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்கள் புழுவின் உடலுட் புகுந்து பற்றீரியாவை விடுத்து அதைக் கொல்லும். மனிதருக்கோ செல்லப்பிராணிக்கோ மண்புழுவுக்கோ தீங்கில்லை. சேஃபருக்கு ஹெட்டரோராப்டிடிஸ் வகையை ஓகஸ்ட், செப்டெம்பரிலும், லெதர்ஜக்கெட்டுக்கு ஸ்டைனர்னீமா வகையைச் செப்டெம்பர், ஒக்டோபரிலும் இட வேண்டும். ஒன்றுக்குரியதை மற்றதற்கு வாங்கி ஏமாறுவோர் உண்டு. பொதியின் பெயரைப் பார்த்தே வாங்குக. மண் வெப்பம் 12 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அவை உயிருள்ளவை, பொதி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும், காலாவதித் தேதி கடக்கலாகாது. வெயிலொளி அவற்றைக் கொல்லுமாதலால் மாலையில் பூவாளியால் ஊற்றி, இரு வாரம் தரையை ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

வீட்டுத் தோட்டக்காரர் இப்புழுக்களுக்கு இடத்தக்க இரசாயன மருந்து எதுவும் பிரித்தானியாவில் இன்று விற்பனையில் இல்லை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பூச்சிகொல்லியையோ, வீட்டினுள் கரப்பானுக்கு அடிக்கும் மருந்தையோ புல்லில் ஊற்றுவது சட்டவிரோதம். பிள்ளைகள் வெறுங்காலுடன் விளையாடும் தரையில் அது பெருங்கேடும் ஆகும். நரிக்கு நஞ்சு வைப்பதும் குற்றமே.

வெண்புழு யாவும் பகையல்ல. பசளைக் குவியலில் காணப்படும் புழு பெரும்பாலும் ரோஜா வண்டினது. உக்கியதைத் தின்று நல்ல பசளை தருவது. தென் இலண்டனில் பட்டுப்போன மரக்கட்டையினுள் காணும் மிகப்பெரிய புழு, கொம்புபோன்ற தாடையுடைய கலைமான் வண்டின் குடம்பியாயிருக்கலாம். பல ஆண்டுகள் அம்மரத்துள் வளரும் அரிய உயிர் அது. கண்டால் அதே இடத்தில் மீண்டும் மூடிவிடுதல் வேண்டும்.

புல்லை ஒட்ட வெட்டாது நான்கைந்து சென்ரிமீற்றர் உயரம் விடுதலும், நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட இடையிட்டு ஆழ நீர்விடுதலும், பாசியைச் சுரண்டி முள்ளால் துளையிட்டுக் காற்றோட்டம் தருதலும் வேரை வலுப்படுத்தும். வலிய வேர் சில புழுக்களைத் தாங்கும். கிண்டப்பட்ட இடத்தில் புதுவிதை தூவச் செப்டெம்பரோ ஏப்ரலோ ஏற்றது. விதைத்தபின் மெல்லிய கோழிக்கம்பி வலையைத் தரையோடு ஒட்ட விரித்து ஆணியடித்து வைத்தால், புல் வேரூன்றும்வரை நரியும் காகமும் மண்ணைத் தொடமாட்டா.