நம் பணம், நம் கணக்கு



1994-ஆம் ஆண்டு. ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு ஊர்ப் பொதுவில் கூட்டம் கூட்டியது. பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பதிவேடு உரக்க வாசிக்கப்பட்டது. இன்னார் இத்தனை நாள் உழைத்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று படிக்கப் படிக்க, "நான் அந்த வேலைக்கே போகலையே!" என்று குரல்கள் எழுந்தன. இறந்துபோனவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தார்கள்.

அந்தப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை கேட்டு, 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. கூலித் தொழிலாளிகளும் விவசாயிகளும் தொடங்கிய அந்தப் போராட்டம் நாடெங்கும் பரவி, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக விளைந்தது.

இன்று அந்தச் சட்டப்படி, மத்திய அரசு அலுவலகங்களில் 10 ரூபாய் கட்டணத்தோடும், மாநில அரசு அலுவலகங்களில் அந்தந்த மாநிலம் விதித்த கட்டணத்தோடும் மனு கொடுத்தால், பொதுவாக 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை.

உங்கள் தெருச் சாலைக்கு எவ்வளவு செலவானது? ஒப்பந்தம் எடுத்தவர் யார்? தயங்காமல் கேளுங்கள். ஓட்டுப் போடுவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கணக்குக் கேட்பதோ என்றைக்கும் உள்ள உரிமை. நம் ஓட்டில் பதவிக்கு வந்தவர் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.