இருட்டில் பறந்த அஞ்சல்



கண்டம் கடக்கும் விமான அஞ்சலை அமெரிக்க அஞ்சல் துறை 1920 செப்டம்பரில் தொடங்கியபோதும், விமானங்கள் பகலில் மட்டுமே பறந்தன. பொழுது சாய்ந்ததும் கடித மூட்டைகள் ரயிலுக்கு மாறி, விடிந்தபின் மீண்டும் விமானம் ஏறின. இதனால் மிச்சமான நேரம் சொற்பமே என்பதால், இதற்கு அரசுப் பணம் எதற்கு என்ற கேள்வி, காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எழுந்தது. ஜாக் நைட் என்ற விமானியின் பெயர் வரலாற்றில் நிலைத்ததற்கு அக்கேள்வியே காரணம்.

இரவிலும் பறக்க இயலும் என்று காட்டுவதற்காக, 1921 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கிலிருந்து இரண்டும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இரண்டுமாக நான்கு விமானங்கள் புறப்பட்டன. டிஎச்-4 எனப்பட்ட அவ்வகை விமானம், முதல் உலகப் போரில் குண்டு வீசுவதற்கென உருவானது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு இறக்கைகளும் கூரையற்ற இருக்கையும் கொண்டது. விமானத்தில் வானொலியோ வழியில் விளக்கோ இல்லாத அக்காலத்தில், திசைகாட்டியும் தரையில் தெரியும் தண்டவாளமுமே விமானிக்குத் துணை. மேற்கு நோக்கிய இரண்டும் பாதியில் நின்றன. கிழக்கு நோக்கியவற்றுள் ஒன்று நெவாடா மாநிலத்து எல்கோவில் விழ, வில்லியம் லூயிஸ் என்ற விமானி மாண்டார்.

எஞ்சிய மூட்டைகளை நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில் இரவு 10.44 மணிக்கு ஏற்றிப் புறப்பட்ட நைட், வழிநெடுக ஊரார் சொக்கப்பனைபோல் மூட்டியிருந்த நெருப்புகளைப் பார்த்தபடி ஒமாஹாவை அடைந்தார். அவரது முறை அங்கே முடிந்தது. ஆனால் அடுத்த விமானி சிகாகோவிலிருந்து வந்துசேரவில்லை. தாம் ஒருமுறையும் பறந்தறியாத வழியில், சாலை வரைபடம் ஒன்றை நம்பி அவரே மேலே சென்றார். டெமாய்னில் பனி மூடிக் கிடந்ததால் இறங்க இயலாமல், அயோவா சிட்டியை எட்டியபோது, ஓட்டம் நிறுத்தப்பட்டதாகக் கருதி ஊழியர்கள் வீடு திரும்பிவிட்டிருந்தனர். இரவுக் காவலாளி கொளுத்திய வெளிச்சத்தில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு, காலை 8.40 மணிக்குச் சிகாகோவில் மூட்டைகளை ஒப்படைத்தார். வேறு விமானிகள் அவற்றை நியூயார்க் சேர்த்தபோது, மொத்தப் பயணம் 33 மணி 20 நிமிடம் ஆகியிருந்தது.

இந்த வெற்றியைக் கண்ட காங்கிரஸ், விமான அஞ்சலுக்கு 12.5 லட்சம் டாலர் ஒதுக்கியது. நைட்டின் துணிவு மறுக்க முடியாததுதான். எனினும் துறை அமைக்கத் தவறிய விளக்குகளுக்கு ஈடாகவே அத்துணிவு செலவாயிற்று என்பதும், அதே ஓட்டத்தில் உயிர்விட்ட லூயிஸை நினைப்பவர் அரிது என்பதும் பாராட்டுரைகளில் விடுபட்டுப் போகின்றன. விளக்கில்லாத குறையைத் தீர்க்க, சிகாகோவிலிருந்து வயோமிங்கின் செயென் வரை சுழலும் ஒளிவிளக்குக் கோபுரங்கள் நிறுவப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் இரவு அஞ்சல் கால அட்டவணைப்படி ஓடலாயிற்று.