கேட்டுக்கு வெளியே நிற்கும் நேரம்



ஓசூர் சிப்காட் பக்கம் போய்வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலை மதிலை ஒட்டி லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒன்றில் இரும்புச் சுருள், இன்னொன்றில் அட்டைப்பெட்டிகள். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து ஓட்டுநர் ஒருவர் சோறு வடித்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள் அவர் ஓய்வாக இருப்பதாக நினைப்பார்கள். ஆனால் முன்னால் நிற்கும் வண்டி இருபது அடி நகர்ந்தால், வடித்தது பாதி வடிக்காதது பாதியாக விட்டுவிட்டு இவரும் வண்டியை எடுக்க வேண்டும். செக்யூரிட்டி வண்டி எண்ணைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் முறை போய்விடும். கிளீனர் இல்லாமல் ஓடும் வண்டிகள் இன்று நிறைய. அப்படி வந்தவர் கழிப்பறை தேடிப் போவதற்கும் பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்த நேரம் வேலை நேரமா, இல்லையா?

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இதற்கு விளக்கம் சொன்னது. முதலாளியோ, தொழிலாளியின் சேவையைக் கேட்க உரிமையுள்ள வேறு யாரோ சொல்வதற்குக் கட்டுப்பட்டு அவர் இருக்கும் நேரம் வேலை நேரம். வண்டி ஓடும் நேரமும் அதைச் சார்ந்த பிற வேலைகளும் அதில் அடங்கும். வண்டி நின்றிருக்கும் இடைவெளியைக் கழிக்க வேண்டுமானால், அது நீண்ட இடைவெளியாக இருப்பது மட்டும் போதாது. அந்த நேரத்தில் ஓட்டுநர் தன் விருப்பப்படி எங்கும் போக, எதையும் செய்ய முடிய வேண்டும். என்னைக் கேட்டால், சட்டத்தின் உயிர் இந்த ஒரு நிபந்தனையில்தான் இருக்கிறது. கேட் வாசலில் வரிசையில் நிற்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரம், 15 நிமிடத்துக்குள் என்றால்தான் வேலைக் கணக்கில் சேரும். பேருந்து நிலையத்தில் அடுத்த டிரிப்புக்காக நிற்கும் ஓட்டுநர், நடத்துநருக்கு இது பொருந்தலாம். ஆறேழு மணி நேரம் வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரிக்காரரை அந்த வரி கைவிட்டுவிடுகிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோதும், இந்த 15 நிமிடக் கணக்கு அப்படியே தொடர்கிறது. இன்னொன்றும் நடந்திருக்கிறது. முன்பு ஒரு நிறுவனத்தில் ஐந்து தொழிலாளர் இருந்தாலே சட்டம் செல்லும். இப்போது பத்துப் பேர் வேண்டும். இரண்டு வண்டி, மூன்று வண்டி வைத்திருக்கும் உரிமையாளரிடம் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அன்றும் வெளியே, இன்றும் வெளியே.

கூலி டிரிப் கணக்கில்தான். நிற்கும் நேரத்துக்கு ஹால்டிங் என்று ஒரு தொகை சில சமயம் வரும். அதுவும் வண்டிக்கு வருவது, பெரும்பாலும் உரிமையாளரோடு நின்றுவிடும். ஓட்டுநருக்கு அதே டிரிப் படிதான்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. ஓசூரை ஒட்டிய எல்லையில் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற காலம் குறைந்தது. தொழிற்சாலைக்குள் சரக்கு இருப்பைக் குறைத்து, தேவைப்படும்போது மட்டும் உள்ளே எடுக்கும் முறை பரவியதால், கேட்டுக்கு வெளியே நிற்கும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. கிடங்குக்கு ஆகவேண்டிய செலவை ஓட்டுநர் தன் தூக்கத்தால் கட்டுகிறார். பெங்களூருக்குள் நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அங்கேயும் ஒரு காத்திருப்பு.

பகலெல்லாம் வரிசையில் நின்றவர் மாலையில் சரக்கை இறக்கி, திரும்பு லோடு ஏற்றி, கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டி, ராத்திரியில் தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு வருகிறார். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி உயிர்கள் போன இறக்கம் அது. அந்த இடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் காலையிலிருந்து எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறார் என்பது, பின்னால் வரும் பேருந்துக்கும் காருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். 1961 சட்டம் இதை யோசித்தே, ஓய்வு இடைவெளியையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்றது. காத்திருந்ததை ஓய்வு என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஓட்டுநர் ராத்திரி வண்டி எடுத்திருக்கக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஒரு நெறிமுறை வகுத்தது. சரக்கு ஏற்றவோ இறக்கவோ எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், அந்தக் காத்திருப்பு வேலை நேரமே. முன்கூட்டியே சொல்லிவிட்டால் கணக்கு வேறு. காக்கவைப்பவர் தலையில் பொறுப்பை ஏற்றும் இந்த ஏற்பாடு நியாயமானது. நம் விதிகளிலும் இது வர வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பல தொழிற்சாலைகளில் கேட் ரிஜிஸ்டரில் வண்டி உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் பதிவாகின்றன. வரிசையில் வந்து சேர்ந்த நேரத்துக்கு அதில் இடம் இருப்பதில்லை. அதற்கு ஒரு கட்டம் போட்டு, அதே நேரத்தை டிரிப் ஷீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லிச் சங்கங்களும் உரிமையாளர்களும் சேர்ந்தே கேட்கலாம். ஹால்டிங் கேட்கிற உரிமையாளருக்கும் அந்தத் தாள் வேண்டும், படி கேட்கிற ஓட்டுநருக்கும் வேண்டும்.