கத்னா: ஒரு வழக்கும் நமது பொறுப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

நம் இல்லங்களில் கத்னா என்பது மாலையும் விருந்துமாக நடந்தேறும் வைபவம். அது குற்றமா என்றொரு நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பும் கூறியது என்றால் நம்மில் பலர் வியப்படைவோம்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் 2010 நவம்பரில் நான்கு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவனுக்கு, பெற்றோரின் விருப்பப்படி மருத்துவர் ஒருவர் கத்னா செய்தார். இரண்டு நாட்களில் இரத்தக்கசிவு ஏற்படவே, தாயார் மருத்துவமனைக்கு ஓடினார். விவகாரம் வழக்காயிற்று. மருத்துவர் செய்த முறையில் தவறில்லை என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆயினும், மருத்துவத் தேவையின்றிக் குழந்தையின் உடலில் நிரந்தர மாற்றம் செய்வது காயம் விளைவித்த குற்றமே. பெற்றோரின் சம்மதம் அதற்கு ஈடாகாது. அவன் வளர்ந்த பின் தானே முடிவு செய்யலாம் என்று 2012 மே 7 அன்று அது தீர்ப்பளித்தது. சட்டநிலை அதுவரை தெளிவற்றிருந்த காரணத்தால் மருத்துவர் விடுவிக்கப்பட்டார்.

அந்நாட்டின் யூதர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அடிக்கடி காணக்கிடைக்காத காட்சி அது! அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று நாடாளுமன்றம் 434 வாக்குகளுக்கு 100 என்ற கணக்கில் கத்னாவை அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

நாம் கருத்தூன்ற வேண்டியது அச்சட்டத்தின் நிபந்தனைகளில்தான். மருத்துவ நெறிகளின்படியே கத்னா செய்யப்பட வேண்டும். வலி தணிப்பதும் அதில் அடக்கம். பெற்றோருக்கு முன்கூட்டியே முழு விளக்கம் தரப்பட வேண்டும். குழந்தையின் நலனுக்குக் கேடு வருமாயின் அனுமதி இல்லை. முதல் ஆறு மாதங்கள் வரை, சமயக் குழுமம் நியமித்த பயிற்சி பெற்றவரும் செய்யலாம். மறு ஆண்டே ஹாம் நகர மேல்நீதிமன்றம், ஆறு வயது மகனுக்குக் கத்னா செய்ய விரும்பிய தாயாரைத் தடுத்தது. அவர் முறையான விளக்கம் பெறவில்லை, மகனிடம் அவன் வயதுக்கேற்பப் பேசி விருப்பம் அறியவுமில்லை என்பன அதன் காரணங்களுள் சில.

எதிர்ப்போர் அனைவரையும் மார்க்க விரோதிகள் என்று ஒதுக்குவது நேர்மையன்று. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010-இல் இவ்வழக்கத்திற்கு எதிராகக் கருத்துரைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ, பயன்கள் ஆபத்துகளை விஞ்சுகின்றன. ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை என்று 2012-இல் கூறிற்று. எய்ட்ஸ் கிருமி தொற்றும் அபாயத்தைக் கத்னா ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கிறது என்பதை நம் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா நாடுகளில் அவ்வாய்வுகள், தாமே சம்மதித்த வளர்ந்த ஆண்களிடம் நடத்தப்பட்டவை என்ற பின்பாதியை ஏனோ விட்டுவிடுகிறோம்.

கத்னா ஷாஃபிஈ மத்ஹபில் வாஜிப், ஹனஃபியில் சுன்னத். யூதர்களுக்கு எட்டாம் நாள் என்பது போன்ற கட்டாய நாள் நமக்கில்லை. பிள்ளை பலவீனமாக இருப்பின் தாமதிக்கலாம் என்பதும் ஃபிக்ஹு நூல்களில் உள்ளதே. ஆகவே அவசரத்திற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டவியலாது.

சில குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்புறத்தில் அமைந்திருக்கும். அதனைச் சீர்செய்யும் அறுவைக்கு அந்தத் தோலே தேவைப்படலாம். முன்பே வெட்டிவிட்டால் அது திரும்ப வராது. இரத்தம் உறையாத பரம்பரை நோயுள்ள பிள்ளைக்குச் சிறு வெட்டும் உயிருக்கு ஆபத்து. கோடை விடுமுறையில் ஒரே நாளில் பல பிள்ளைகளை வரிசையாக அமர்த்தி நடத்தும் கூட்டுக் கத்னா முகாமில் இவற்றை யார் கவனிக்கிறார்?

எனவே நிர்வாகக் குழுவினரிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: ஜமாஅத் பெயரில் முகாம் நடைபெறுமாயின், தகுதி பெற்ற மருத்துவர் முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் பரிசோதிக்கட்டும், குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் நில்லாத நோய் உண்டா என்று தாயாரிடமும் கேட்கட்டும், மரத்துப்போகும் ஊசியின்றி எவரும் கத்தியை எடுக்க வேண்டாம். விவரம் புரியும் வயதுப் பிள்ளையிடம், எறும்பு கடிப்பது போலிருக்கும் என்று ஏமாற்றாமல் உள்ளதைச் சொல்வோம். இரவில் இரத்தம் கசிந்தால் அழைக்க வேண்டிய மருத்துவரின் தொலைபேசி எண்ணை, வீட்டுக்கு அனுப்புமுன் தாயாரின் கையில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.