ஒரே அளவுகோல், நான்கு கட்டங்கள்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் புள்ளிவிவரங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். எண்களை அட்டவணையாகக் கொடுத்தால் மேலதிகாரி பக்கத்தைப் புரட்டிவிடுவார். படமாகக் கொடுத்தால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். ஆனால் படமும் பொய் சொல்லும். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் எத்தனை? 1991, 2001, 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி பஞ்சாபில் 875, 798, 846. ஹரியானாவில் 879, 819, 834. தமிழ்நாட்டில் 948, 942, 943. கேரளத்தில் 958, 960, 964.

இவற்றை எக்ஸெலில் நான்கு தனிப் படங்களாகப் போட்டு ஒட்டினால், ஒவ்வொன்றுக்கும் அது தானாகவே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 6 குறைந்ததும் பஞ்சாபில் 77 குறைந்ததும் ஏறக்குறைய ஒரே பள்ளமாகத் தெரியும்! நான்கு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலோ, பஞ்சாபும் ஹரியானாவும் பின்னிக்கொள்ளும்.

வழி சுலபம். ஒரே படத்துக்குள் நான்கு கட்டங்கள் அமைக்க வேண்டும். முதல் பத்தியில் மாநிலத்தின் பெயர். அதை அதன் முதல் வரியில் மட்டும் எழுதினால் போதும். இரண்டாவதில் வருஷம், மூன்றாவதில் எண். தலைப்பு வரியில் முதல் இரண்டு கட்டங்களைக் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் வருஷத்தையும் எக்ஸெல் ஒரு கோடாக வரைந்துவிடும். ஒரு மாநிலம் முடிந்ததும் ஒரு வரி காலி. கோடு அங்கே அறுந்து அடுத்த மாநிலத்தில் புதிதாகத் தொடங்கும்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, இன்ஸர்ட் மெனுவில் புள்ளிகளுடன் கூடிய லைன் சார்ட்டைப் போடுங்கள். கீழே வருஷங்களும் அவற்றின் அடியில் மாநிலப் பெயர்களும் தாமாகவே வரும். இடப்பக்க அச்சின்மேல் வலது க்ளிக் செய்து, ஃபார்மட் ஆக்ஸிஸில் குறைந்தபட்சம் 750, அதிகபட்சம் 1000 என்று கொடுங்கள். அளவுகோல் நான்குக்கும் ஒன்றே.

ஒரு எச்சரிக்கை. கோட்டுப் படத்துக்குத்தான் 750-ல் தொடங்கலாம். பட்டைப் படமானால் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே நம் கண் பட்டையின் நீளத்தை அல்லவா அளக்கிறது!

இப்போது படத்தைப் பாருங்கள். கேரளமும் தமிழ்நாடும் மேலே ஏறக்குறைய சமதளம். பஞ்சாபும் ஹரியானாவும் கீழே கிடக்கின்றன; 2011-ல் ஏறியும் 1991-ன் நிலையை எட்டவில்லை. கருவில் பால் அறிவதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்தும், 2001-ல் இப்படி ஒரு பள்ளம். பிறக்காமலே போன பெண் குழந்தைகளின் கணக்கு அது. அளவுகோலை மாற்றி அதைச் சின்னதாகக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

2021-ல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. புது எண் வரும்போது மாநிலத்துக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். பேரன் பேத்திகளை அருகில் உட்காரவைத்துச் செய்து பாருங்கள். மௌஸ் அவர்கள் கையில் இருக்கட்டும். கேள்வி நம்முடையதாக இருக்கட்டும்.