இருதய நலமும் நமது உணவும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இச்சபையிலே சமயமும் தமிழும் பேசப்படுவதே வழக்கம். இருதயத்தைப் பற்றிப் பேசவேண்டுமெனக் காரியதரிசி அவர்கள் பணித்தபோது, இறைவன் குடிகொள்ளும் இருதய கமலத்தைப் பற்றியா, அன்றி மார்புக் கூட்டினுள்ளே துடிக்கும் தசையைப் பற்றியா என்று கேட்டேன். "இரண்டாவதைப் பற்றிப் பேசும், முதலாவதற்கு வேறு பெரியவர் இருக்கிறார்" என்றார். ஆகவே தசையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

கைப்பிடியளவான இவ்வுறுப்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100,000 முறை சுருங்கி விரிந்து, 7,000 லீற்றர் வரையான இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. உடலுக்கெல்லாம் இரத்தம் வழங்கும் இருதயம், தன் அறைகளில் நிறைந்துள்ள இரத்தத்திலிருந்து தனக்கு வேண்டியதைப் பெரிதும் பெறுவதில்லை. முடியுரு நாடிகள் எனப்படும் சிறு குழாய்கள் வழியாகவே அதற்குப் போஷணை கிடைக்கின்றது. கோயிற் களஞ்சியத்துக் காவற்காரன் தன் வீட்டரிசியைக் கடையில் வாங்குவது போன்றது இது. அச்சிறு குழாய்களில் ஒன்று அடைபடுமாயின், அது ஊட்டிய தசைப்பகுதி சாகத் தொடங்குகிறது. மாரடைப்பு என்பது இதுவே.

இவற்றையெல்லாம் தமிழிற் சொல்ல முடியுமா என்று ஐயுறும் நண்பர்கள் உளர். மானிப்பாயிலே டாக்டர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலேயே தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவருக்கு இயன்றது நமக்கு இயலாதோ?

குழாய் அடைபடுவது ஒருநாளில் நிகழ்வதன்று. இரத்தத்தில் மிகுந்துள்ள கொலஸ்திரோல், நாடிச் சுவரினுள்ளே சிறிது சிறிதாகப் படிந்து மேடாகிறது. அம்மேடு ஒருநாள் வெடிக்க, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. வெடிப்பது ஐம்பது வயதிலாக இருக்கலாம். படிவதோ இளமையிலேயே தொடங்குகிறது. இதற்குச் சான்று கொரியப் போர்க்களத்திலிருந்து கிடைத்தது. அங்கே மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரரின் இருதயங்களை வைத்தியர்கள் அறுத்துப் பார்த்து, 1953ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். அவ்வீரரின் சராசரி வயது 22. ஓடவும் சுமக்கவும் வல்லவர்கள், நோயறியாதவர்கள். அவர்களுள் நூற்றுக்கு 77 பேரின் முடியுரு நாடிகளிலே இந்நோயின் தடம் காணப்பட்டது. இங்கே முன்வரிசையில் இருப்போருட் பலருக்கும், எனக்கும், ஏறக்குறைய அந்த வயதுதான். "இது அப்பாமாருக்குரிய பேச்சு" என்று பின்கதவை நோக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்திருப்பார்களாக.

உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் போர்க்காலமே மற்றொரு வகையிலுங் காட்டியது. 1940 முதல் 1945 வரை நோர்வே நாடு ஜெர்மானியர் வசமிருந்தபோது வெண்ணெயும் இறைச்சியும் முட்டையும் அரிதாயின. மக்கள் மீனும் உருளைக்கிழங்கும் காய்கறியும் உண்டனர். இருதய நோய்களாலும் இரத்தக் குழாய் நோய்களாலும் நிகழும் மரணம் அக்காலத்திற் குறைந்தது. போர் முடிந்து வெண்ணெய் திரும்பிவந்ததும் மரணமும் திரும்பி வந்தது. புகையிலையும் அப்போது அருகியிருந்தமையால் முழுப்பழியையும் வெண்ணெயின் மேற் சுமத்துவது நீதியாகாது. ஆயினும் பின்வந்த ஆராய்ச்சிகள் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தின. மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் பிரேமிங்காம் என்னும் ஊரிலே 1948இல் 5,209 ஆண் பெண்களைத் தெரிந்தெடுத்து, ஈராண்டுக்கொரு முறை பரிசோதித்து வந்தார்கள். உயர்ந்த இரத்த அழுத்தமும் மிகுந்த கொலஸ்திரோலும் மாரடைப்பின் முன்தூதர்கள் என்பது 1961இல் அங்கிருந்தே வெளிப்பட்டது. அதே மக்களை 26 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபின், உடற்பருமன் தனியாகவே ஒரு காரணமென்று 1983இற் கூறினார்கள்.

"எல்லாம் பரம்பரை; தலையெழுத்தை யார் மாற்றுவது?" என்பாருக்கு யப்பானியரின் கதையைச் சொல்லலாம். யப்பானில் வாழ்ந்தோர், ஹவாய்த் தீவிற் குடியேறியோர், கலிபோர்னியாவிற் குடியேறியோர் என ஒரே இனத்தவரை மூன்றிடங்களில் வைத்து ஒப்பிட்டனர். மேற்கே செல்லும் வழக்கு அமெரிக்காவை நோக்கிக் கிழக்கே செல்லச் செல்ல இருதய நோயும் மிகுந்தது. இரத்தம் ஒன்றே, மாறியவை உணவும் வாழ்க்கை முறையுமே.

இனி நம்மவர் நிலை. 52 நாடுகளில் நிகழ்ந்த இன்ரர்ஹார்ட் என்னும் ஆராய்ச்சியில் இலங்கையும் இடம்பெற்றது. முதன்முறை மாரடைப்பு வரும் வயது ஏனைய நாடுகளில் ஏறக்குறைய 59 ஆக இருக்க, தென்னாசியருக்கு 53 என்று 2007இல் அதன் முடிபு வந்தது. ஆறு வருடம் முந்திவிடுகிறோம். 53 வயதிலே ஒரு தகப்பன் போனால் வீட்டில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை இச்சபையில் விரிக்க வேண்டியதில்லை: கலியாணமாகாத பிள்ளை, முடியாத படிப்பு, தீராத கடன்.

"நாம் சைவர், மச்சமாமிசம் தொடாதவர், நமக்கு இது வராது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மரக்கறி உணவு நல்லதே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாம் உண்பது மரக்கறியா என்பதே கேள்வி. வெள்ளைச் சோறு மலைபோலவும் கறி மடுப்போலவும் இருக்கும் இலை நம்முடையது. விரத நாளிற் பகல் முழுதும் பட்டினி கிடந்து, மாலையில் வடை, மோதகம், பாயசம் என்று மூன்று வேளை உணவையும் ஒருவேளையில் ஈடுசெய்பவரை யாம் அறிவோம். மாட்டிறைச்சியை விலக்கிய நாக்கு, ஒரே எண்ணெயிற் பலமுறை பொரித்த வடையை விலக்கவில்லை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே முன் உண்டது செரித்ததை அறிந்து அளவாக உண்ணச் சொன்னார். நாமோ அவரைப் பட்டிமன்றத்தில் நிறுத்திவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறோம்.

தேங்காயைப் பற்றிப் பேசாமல் யாழ்ப்பாணத்தில் உணவைப் பற்றிப் பேச முடியாது. பேசினாற் பகை வரும். தேங்காயெண்ணெயின் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்களவு நிரம்பிய கொழுப்பாகும்; அது இரத்தத்துக் கொலஸ்திரோலை உயர்த்துகிறது. நம் பாட்டன்மாரும் தேங்காய் உண்டனரே என்றால், ஆம், உண்டனர்; ஆனால் அவர்கள் துலா மிதித்தார்கள்; செம்மண்ணைக் கொத்தினார்கள்; குரக்கன் பிட்டும் சாமைச் சோறும் ஒடியற் கூழும் முருங்கையிலையும் உண்டார்கள். நாம் அவர்களின் தேங்காயை மட்டும் வைத்துக்கொண்டு துலாவையும் குரக்கனையும் விட்டுவிட்டோம். சொதியை ஒழிக்கச் சொல்ல எனக்குத் துணிவுமில்லை, விருப்பமுமில்லை. முதற்பாலைக் குறைக்கலாம், பொரியலை வாரத்தில் ஒருநாளாக்கலாம். எண்ணெயை மாற்றுவதால் ஒரு நாடே பயன்பெற்றதுண்டு. நம்மினத்தவரும் வாழும் மொரீசியசுத் தீவிலே, பெரிதும் பாமெண்ணெயாயிருந்த சமையலெண்ணெயை 1987இல் அரசாங்கம் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992 அளவில் மக்களின் சராசரிக் கொலஸ்திரோல் நன்கு குறைந்திருந்தது.

தேநீருக்கு வருவோம். கரண்டிக்கு 4 கிராமாக மூன்று கரண்டிச் சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை: 60 கிராம். 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த மேல்வரம்போ 50 கிராம். சோற்றுக்கும் பலகாரத்துக்கும் போகுமுன்னரே தேநீரில் வரம்பு கடந்துவிட்டது. உப்புக்கு வரம்பு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாயும் மோர்மிளகாயும் அப்பளமும் அதிற் பெரும்பங்கை வாங்கிக்கொள்கின்றன.

உடல் நிறையைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான பெருமையுண்டு. வண்டி வைத்தவரைக் கண்டால் "ஆள் செழிப்பாய் இருக்கிறார்" என்கிறோம். மெலிந்தவரைக் கண்டால் வீட்டிற் பஞ்சமோ என்கிறோம். தொடையிற் சேரும் கொழுப்பினும் வயிற்றினுள்ளே சேரும் கொழுப்பே கொடியது. அது ஈரலுக்குக் கொழுப்பமிலங்களை அனுப்பி, இன்சுலினின் வேலையைக் கெடுத்து, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கதவு திறக்கிறது. பருத்த உடலுக்கு இரத்தம் அதிகம் வேண்டுமாதலால் இருதயமும் கூடுதலாக உழைத்துச் சுவர் தடிக்கிறது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்வந்த தோற்றம் நம் நாட்டவரிடையே பெரிதும் காணப்படுவது. தராசிற் சரியாக நிற்கும் அத்தகையோரை அளவு நாடா காட்டிக்கொடுத்துவிடும். தென்னாசிய ஆடவர்க்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றர், பெண்டிர்க்கு 80, அதற்குமேல் ஆபத்து. நிறையைப் பொறுத்தவரை, 170 சென்ரிமீற்றர் உயரமுள்ளவர் 66 கிலோவைத் தாண்டும்போதே ஆசியர்க்கு எச்சரிக்கை தொடங்குகிறது. ஆறுதல் என்னவெனில், சிறிது குறைத்தாலும் பலனுண்டு. ஒரு கிலோ குறைய, இரத்த அழுத்தமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் குறையக் காண்கின்றனர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நடுநெஞ்சில் இறுக்கம், இடத்தோளிலும் தாடையிலும் நோவு, குளிர்ந்த வியர்வை இவை தோன்றும்போது நம் வீடுகளில் முதலிற் கேட்கும் சொல் "வாயு" என்பது. உள்ளியும் இஞ்சியும் ஓமத்தண்ணீரும் வருகின்றன, முதுகு தடவப்படுகிறது, விடியட்டும் என்கிறார்கள். அடைபட்ட நாடியைத் திறக்கும் வைத்தியம் முதற் சில மணித்தியாலங்களிற் செய்தாலே பெரும்பயன் தரும். நீரிழிவுக்காரருக்கு நோவே தெரியாமலும் போகலாம். மூச்சிரைப்பும் களைப்பும் மட்டுமே இருக்கலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தாற் காசின்றி அம்புலன்ஸ் வண்டி வரும். வட மாகாணத்திலும் 2018 முதல் அந்தச் சேவை உண்டு. வாயுதான் என்றாலும் வைத்தியசாலையிலே ஒருவரும் கோபிக்கப்போவதில்லை.

முடிவாக, செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். நமது குருபூசை அன்னதானத்திலே சோற்றிற் பாதியைத் தவிட்டரிசியாக்குவோம். இரண்டு கீரைக்கறி சேர்ப்போம். பொரியல் ஒன்றோடு நிற்போம். தேநீருக்குச் சீனியைத் தனியே வைப்போம். "சுவாமிக்குப் படைப்பதைக் குறைப்பதா?" என்று பெரியவர்கள் வினவலாம். படையலில் ஒன்றையும் குறைக்க வேண்டாம், பாயசமும் இருக்கட்டும். இரண்டாம் முறை வாளியோடு வருபவர் மட்டும், இலையில் ஊற்றுமுன் கேட்டு ஊற்றுவாராக. இந்த வருடம் அந்த வாளியைத் தூக்கும் வேலையை எனக்கே தரும்படி காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.