வானிலை அறிக்கையில் ‘தாழ்வு’ என்றால் என்ன?



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஒரு செய்தி அடிக்கடி காதில் விழும். “வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது.” வானொலியும் தொலைக்காட்சியும் இதைச் சொல்லும். கேட்டவர்கள் விறகை உள்ளே எடுத்து வைப்பார்கள். வற்றலை வாரி எடுப்பார்கள். ஆனால் தாழ்ந்து போனது எது? கடலா? வானமா?

இரண்டும் இல்லை. தாழ்ந்தது காற்றின் அழுத்தம். அதாவது காற்றின் பாரம்.

காற்றுக்கு ஏது பாரம் என்று சிலர் சிரிக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். அதன்மேல் ஒரு கெட்டி அட்டையை வையுங்கள். அட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு டம்ளரைக் கவிழுங்கள். மெல்லக் கையை எடுங்கள். அட்டை விழாது. தண்ணீரும் கொட்டாது. கீழே இருக்கும் காற்று அட்டையை மேல்நோக்கி அழுத்திப் பிடிக்கிறது. (முதல் தடவை வாசலில் வைத்துச் செய்வது நல்லது!)

தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று நிற்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் அதன் பாரம் சுமார் 1 கிலோ. கணக்குப் பார்த்தால், விரித்த உள்ளங்கையின் மேல் ஏறக்குறைய 100 கிலோ இருக்கிறது. ஒரு நெல் மூட்டையை விட அதிகம். அப்படியானால் கை ஏன் நசுங்கவில்லை? காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை. கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் அதே அளவு அழுத்துகிறது.

இந்தப் பாரத்தை அளக்கும் கருவிதான் பாரமானி. பாரோமீட்டர் என்றும் சொல்வார்கள். அது பிறந்த கதை கிணற்றில் தொடங்குகிறது.

இத்தாலி நாட்டில் ஒரு சிக்கல். உறிஞ்சும் பம்பு சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றவில்லை. பம்பை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. டாரிசெல்லி என்ற அறிஞர் இதை யோசித்தார். பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை. வெளியில் உள்ள காற்று தண்ணீரை அழுத்துகிறது. அதனால்தான் தண்ணீர் குழாயில் ஏறுகிறது. காற்றின் பாரத்துக்கு 10 மீட்டர் தண்ணீரைத் தாங்கத்தான் வலு உண்டு. ஆழமான கிணற்றில் மோட்டாரை மேலே வைக்காமல் உள்ளே இறக்கி வைப்பதும் இதனால்தான்.

10 மீட்டர் குழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதரசம் தண்ணீரை விட 13.6 மடங்கு கனமானது. ஆகவே 1640-களில் டாரிசெல்லி பாதரசத்தைப் பயன்படுத்தினார். ஒரு பக்கம் மூடிய நீளமான கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தார்கள். பாதரசம் கொஞ்சம் இறங்கி, சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது.

1648-இல் பிரான்சு நாட்டில் பாஸ்கல் என்பவர் தம் மைத்துனரை இதே குழாயோடு ஒரு மலைக்கு அனுப்பினார். அடிவாரத்திலிருந்து உச்சி ஏறக்குறைய 1,000 மீட்டர். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மேலே போகப் போகத் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது. இந்த மலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதரசம் நச்சுப் பொருள். அதனால் இன்று எண்ணைக் காட்டும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. அளவையும் மில்லிபார் என்ற கணக்கில் சொல்கிறார்கள். கடல் மட்டத்தில் சராசரி 1,013 மில்லிபார்.

சரி, இதற்கும் மழைக்கும் என்ன தொடர்பு? மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடும். அதுபோல அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும். நாலா பக்கமிருந்தும் வந்த காற்று அங்கே மேலே எழும்பும். கடலின் ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். மேலே குளிர்ந்து மேகமாகும், மழையாகும். பூமி சுழல்வதால் வரும் காற்று நேராக வராமல் வளைந்து சுழலும். பள்ளம் ஆழமாக ஆழமாகச் சுழற்சி வேகம் எடுக்கும்.

வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் அது தாழ்வு மண்டலம். 50 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனால் புயல். வானிலை அறிக்கையில் பெயர் மாற மாற, கடலில் அந்தப் பள்ளம் ஆழமாகிறது என்று பொருள்.

ஆனால் முள் கொஞ்சம் இறங்கியதும் பயப்பட வேண்டாம். இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் அழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் கூடும். மாலை 4 மணி வாக்கில் குறையும். ஆகவே இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரே ஊரில் ஒரு கருவி இருந்தாலும் போதாது. பல ஊர்களில் ஒரே நேரத்தில் அளந்து, ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்தால்தான் பள்ளம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அதன்பின் மழை பொய்த்த ஆண்டுகளும் வந்தன. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை அமைக்கப்பட்டது. இன்று செயற்கைக்கோளும் ராடாரும் கண்காணிக்கின்றன. பாரமானியும் கூடவே வேலை செய்கிறது.

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் பாரதீப் அருகே பெரும் புயல் கரை கடந்தது. அதன் மையத்தில் அழுத்தம் 912 மில்லிபார் என்று மதிப்பிட்டார்கள். 76 சென்டிமீட்டர் நிற்க வேண்டிய பாதரசம் 68-க்கு இறங்கும் அளவு அது. அந்தப் பிரான்சு மலை நினைவிருக்கிறதா? அடிவாரத்திலிருந்து மலை உச்சிக்கு ஏறும்போது குறையும் அளவு அழுத்தம், ஏறக்குறையக் கடற்கரையிலேயே குறைந்துவிட்டது! காற்று கடலைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வந்தது. தண்ணீர் 5 மீட்டருக்கு மேல் எழுந்தது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஆனால் போய் ஒதுங்க உறுதியான கட்டடங்கள் மிகக் குறைவு. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒடிசாக் கரையோரத்தில் தூண்கள் மேல் நிற்கும் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் நிறையக் கட்டினார்கள். 2013 அக்டோபர் 12 அன்று ‘பைலின்’ என்ற கடும் புயல் கோபால்பூர் அருகே வந்தது. அது வருமுன்பே ஒடிசாவிலும் ஆந்திராவிலும் சுமார் 10 லட்சம் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடங்களுக்குப் போய்விட்டார்கள். வீடுகள் விழுந்தன, பயிர்கள் போயின. இறந்தவர்களின் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை.